லோகோ வந்துச்சா, சார்?

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் பத்தடிக்கு ஒருவர் "லேப்டாப் சர்வீஸா சார்?" என்று வழிமறிப்பார். அவர்களைக் கடந்து, மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியேறினேன். பழக்கமான பழுதுபார்ப்பவர் ஒருவர் அங்கே சின்ன அறையில் கடை வைத்திருக்கிறார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மடிக்கணினிகளில் தாங்களே லினக்ஸைப் போட்டுவிட்டு, "டிஸ்ப்ளே வரலை" என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று போனில் சொல்லியிருந்தார். அதைப் பார்க்கத்தான் போனேன்.

ஒரு பொறியியல் மாணவர் முதலில் வந்து காத்திருந்தார். ஹாஸ்டலில் கைமாறிக் கைமாறி வந்த பென்டிரைவிலிருந்து டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறார். "பேனல் போயிடுச்சாண்ணா?"

"ஆன் பண்ணா லோகோ வருதா தம்பி?"

"வருது."

"அதுக்கப்புறம் மெனு?"

"அதுவும் வருது. என்டர் தட்டினப்புறம்தான் ஒண்ணுமே இல்ல."

"அப்ப பேனல் நல்லாத்தான் இருக்கு."

திருப்புளியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது. திரையில் படம் காட்டும் பொறுப்பு தொடக்கத்திலிருந்து ஒருவரிடமே இருப்பதில்லை. லோகோவை வரைவது மதர்போர்டில் பதிந்திருக்கும் யூஈஎஃப்ஐ என்ற மென்பொருள். எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவும் அதன் தயவில்தான் தெரிகிறது. பிறகு லினக்ஸ் கர்னல் எழுந்து, தன்னிடமுள்ள கிராபிக்ஸ் டிரைவரைக் கொண்டு திரையைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. 2009-இல் வந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் சிப்களுக்காக இந்த ஏற்பாடு கர்னலுக்குள் நுழைந்தது. அதற்கு முன் எக்ஸ் சர்வர் என்ற தனி மென்பொருள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. தொலைதூர பஸ்ஸில் நடுவழியில் ஓட்டுநர் மாறுவதுபோலத்தான். ஏறவேண்டியவர் வரவில்லை என்றால் வண்டி டிப்போவிலேயே நின்றுவிடும்; எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் பயனில்லை.

மெனு வந்ததும் அவர் 'ஈ' விசையைத் தட்டினார். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாக அடித்து, எஃப் 10-ஐ அழுத்தினார். டெஸ்க்டாப் வந்தது. எழுத்தெல்லாம் பூதாகரமாக, படம் பக்கவாட்டில் இழுபட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்யாமல். "இத்தோட வீட்டுக்குப் போயிடறவங்கதான் ஜாஸ்தி சார்," என்றார் என்னிடம். அந்தச் சொல் டிரைவரைச் சரிசெய்வதில்லை. திரையைக் கையில் எடுக்காதே என்று கர்னலைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முந்தைய பூட்டின் பதிவைத் திறந்தார். ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை அதைக் காட்டும். கிராபிக்ஸ் சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று அதில் வரிவரியாக இருந்தது. பென்டிரைவில் இருந்தது 2021-இல் வெளியான டெபியன் 11. மூலநிரல் திறந்திராத ஃபர்ம்வேரைத் தங்கள் வழக்கமான நிறுவல் கோப்பில் சேர்ப்பதில்லை என்று டெபியன்காரர்கள் நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தார்கள். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அது கூடவே வருகிறது. கொள்கையாகப் பார்த்தால் பழைய பிடிவாதத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் இந்த மாணவரைப் போன்ற புதியவர்கள். மென்பொருள் பொதிகள் இறங்கும் இடங்களின் பட்டியலில் 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து, உரிய ஃபர்ம்வேர் பொதியை இறக்கி, மறுபடி பூட் செய்தார். இந்த முறை நோமோட்செட் இல்லாமலே திரை பளிச்சென்று வந்தது.

அடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். லோகோ வருகிறது, பிறகு மையிருட்டு. ஆனால் பாட்டுப் போட்டால் கேட்கிறது. "வேற கடையில பேனலே மாத்தணும்னுட்டாங்கப்பா," என்றார். பழுதுபார்ப்பவர் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையருகே சாய்த்துப் பிடித்தார். நானும் குனிந்தேன். சாம்பல் நிறத்தில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி மங்கலாகத் தெரிந்தது! படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னாலுள்ள எல்இடி வெளிச்சம்தான் பூஜ்யத்தில் நிற்கிறது. எல்சிடி திரைக்குச் சொந்த ஒளி கிடையாது.

வெளிச்சத்தை ஆட்டிவைக்கக் கர்னலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. சில இயந்திரங்களில் அது தவறான வழியைப் பிடித்துக்கொள்ளும். பழையபடி மெனுவில் அதே வரி. 'ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டார்' என்று போட்டுப் பார்த்தார், அசையவில்லை. வெண்டாரை எடுத்துவிட்டு 'நேட்டிவ்' என்று மாற்றியதும் வெளிச்சம் வந்துவிட்டது. மெனுவில் செய்கிற மாற்றம் அந்த ஒரு தடவைக்குத்தான் நிற்கும் என்பதால், கிரப்பின் அமைப்புக் கோப்பிலும் அதை எழுதி, 'அப்டேட்-கிரப்' கொடுத்து நிரந்தரமாக்கினார். மாற்றச் சொன்ன பேனலின் விலையை ஆசிரியர் இரண்டு தடவை சொல்லிச் சொல்லி ஆறினார்.

மூன்றாவது மடிக்கணினி ஒரு ஜெராக்ஸ் கடை அம்மாவுடையது. அதில் இருட்டே இல்லை. இழுபட்ட படம், ஓயாமல் இரையும் ஃபேன். "யூடியூப் போட்டா திக்கித் திக்கி ஓடுது தம்பி." 1366-க்கு 768 இருக்கவேண்டிய திரை 1024-க்கு 768-இல் நின்றிருந்தது. தெரிந்த பையன் ஒருவன் கட்டளை கொடுத்துக் கொடுத்து அளவை மாற்றப் பார்த்திருக்கிறான். சிவிடி என்ற கணக்குப்போடும் கருவி அகலத்தை எட்டால் வகுபடும்படி திருத்திவிடும். 1366 கேட்டால் 1368 கொடுக்கும். அந்த 1368-ஐத் திரையின் தலையில் கட்டப் பாவம் ரொம்ப நேரம் போராடியிருக்கவேண்டும்.

பழுதுபார்ப்பவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். கிராபிக்ஸ் சிப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அதாவது சிப் சும்மா உட்கார்ந்திருக்க, படம் வரையும் சுமை முழுக்க பிராசஸர் தலையில். கிரப் அமைப்புக் கோப்பைத் திறந்தார். உள்ளே நோமோட்செட்! முதல் இயந்திரத்தைக் கண்விழிக்க வைத்த அதே சொல், யாரோ நிரந்தரமாக எழுதிவைத்துப் போனதால் இங்கே எல்லாவற்றையும் முடக்கிப்போட்டிருந்தது. எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை அழித்து, 'அப்டேட்-கிரப்' கொடுத்தார். மறுபடி பூட் ஆனபோது 1366 தானாக வந்து உட்கார்ந்தது, ஃபேனும் அடங்கியது.

"நாளைக்கு அப்டேட் போட்டு மறுபடி இப்படி ஆயிட்டா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆகலாம்க்கா. புதுக் கர்னல் வந்தா சில நேரம் ஆகும். ஆன் பண்ணினதும் எஸ்கேப்பைத் தட்டுங்க, மெனு வரும். அதுல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'னு ஒண்ணு இருக்கும். உள்ள போனா பழைய கர்னலும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா நேத்து இருந்த மாதிரியே வந்துடும். மெதுவா இங்க எடுத்துட்டு வாங்க."

அதையே பில்லின் பின்புறம் தமிழில் எழுதியும் கொடுத்தார். ஓஎஸ் போடுவதற்கு முன்பே இதைச் சொல்லித் தரலாமே என்றேன். "போடறதுக்கு முன்னாடி யாரு சார் நம்மகிட்ட வர்றாங்க?" என்றபடி, படியேறி வந்தவரின் பையை வாங்கினார். "லோகோ வந்துச்சா, சார்?"