மஞ்சள்காலின் அப்பன்

மாத்தளையில், எல்கடுவைப் பக்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், விடியற்காலையில் ஒரு சேவல் கூவும். வீட்டுச்சேவலைப் போல இழுத்துக் கூவாது. சுருக்கமாக வெட்டி வெட்டிக் கூவி நிறுத்திவிடும். அது இலங்கைக் காட்டுக்கோழி. சிங்களத்தில் அதற்கு ‘வலி குக்குளா’ என்று பேர். இலங்கையின் தேசியப் பறவை. வேறெந்த நாட்டுக் காட்டிலும் கிடையாது.

எங்கள் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், அடைந்த சேவலுக்குக் கால் மஞ்சள். அரைத்த மஞ்சளைப் பூசியதுபோல அப்படியொரு மஞ்சள். “இதோட அப்பன் காட்டுல இருக்கான்டா” என்பார் மாமா. ஆனால் அந்தச் சேவலை வெளிர்கால் பெட்டையோடு விட்டபோது, பொரித்த குஞ்சுகள் ஒன்றுவிடாமல் வெளிர்காலோடு வளர்ந்தன. “காட்டு ரத்தம் ஒரு தலைமுறையோட சரி” என்று மாமா விட்டுவிட்டார். அடுத்த வருஷம் அந்தக் குஞ்சுகளில் ஒரு பெட்டை முட்டையிட்டு அடைகாத்தது. முற்றத்தில் சேவல் அந்த மஞ்சள்கால் ஒன்றுதான். இந்த ஈட்டில் ஏறக்குறையப் பாதிக்கு மஞ்சள்கால்!

இது எனக்குப் பல வருஷம் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகுதான் தேடத் தொடங்கினேன்.

மறைந்து திரும்பிய கணக்கு எளிதில் பிடிபட்டது. மெண்டல் பட்டாணியில் கண்ட விதி கோழிக்கும் பொருந்தும் என்று இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் 1902இலேயே காட்டியிருக்கிறார். காலில் தெரியும் மஞ்சள் தோல் ஒடுங்கும் பண்பு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் வந்தால் பதுங்கிக் கிடக்கும். மாமா சொன்ன ‘ரத்தம்’ தீர்ந்துபோகவில்லை, ஒளிந்திருந்தது.

அப்பன் யார் என்பதுதான் சிக்கல். டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில், உலகத்து வீட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி ஒன்றே என்று முடிவு கட்டினார். தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியை அவர் தள்ளியதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் மற்றக் காட்டுக்கோழிகளையும் சேர்த்துப் பெற்ற கலப்புகளின் ஏறக்குறைய 500 முட்டைகளில் 12 குஞ்சுகள்தான் தேறின. இப்படிப் பாதி மலடாகிப்போகும் உறவிலிருந்து வம்சம் எப்படி வரும்?

வந்திருக்கிறது. 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு மஞ்சள்காலுக்குரிய மரபணுவை ஆராய்ந்தபோது, அது சிவப்புக் காட்டுக்கோழியினுடையதாக இல்லை. சாம்பல் காட்டுக்கோழியினுடையதோடுதான் நெருங்கி நின்றது. பன்னிரண்டில் ஒன்றிரண்டு போதும். அவை மறுபடி மறுபடி வீட்டுக்கோழியோடு சேரச் சேர மற்ற காட்டுக்குணமெல்லாம் கரைந்து, கால் நிறம் மட்டும் தங்கிவிடும். மனிதர்களுக்கு அந்த நிறம் பிடித்திருந்தால் தங்குவது இன்னும் சுலபம். மாத்தளைச் சந்தையில் கால் பார்த்துக் கோழி வாங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த மரபணு செய்வது, உண்மையில், ஒன்றைச் செய்யாமல் இருப்பது. கீரையிலும் சோளத்திலும் உள்ள மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதி ஒன்று உண்டு. மஞ்சள்கால் கோழியின் தோலில் அது வேலை செய்வதில்லை. உடைபடாத நிறம் காலில் படிகிறது.

அப்படியானால் எங்கள் காட்டுக்காரன்? பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாட்டுக்கோழியையும் இலங்கைக் காட்டுக்கோழியையும் ஒப்பிட்டு 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை. இரண்டும் தனித்தனியாகவே நின்றன. எனக்கு அது போதவில்லை. காட்டிலிருந்து இறங்கி வருகிறவன் சேவல். அவன் வந்து போனதைத் தாய்வழிச் சோதனை எப்படிக் காட்டும்? 2020இல் வந்த முழு மரபணு ஆய்வு ஒன்று, சாம்பலோடு இலங்கைக் காட்டுக்கோழியின் சுவடும் வீட்டுக்கோழிகளில் இருப்பதாகச் சொல்கிறது. மாமா முழுப்பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கால் விஷயத்தில் மட்டும் அப்பனை மாற்றிவிட்டார்.

சாம்பல் காட்டுக்கோழி இலங்கையில் கிடையாது. அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துப் பறவை. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் ஆட்கள் கூடையில் கோழியும் கொண்டுவந்திருப்பார்களோ என்று மனம் உடனே கதை கட்டியது. கட்டக்கூடாது. மஞ்சள்கால் இன்று உலகமெங்கும் இருக்கிறது. பண்ணையில் நிற்கும் வெள்ளை லெகார்னுக்கும் அதே கால்தான். எங்கள் சேவல் எந்த வழியாக வந்ததென்று அந்தக் கால் சொல்லாது.

போன தைப்பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப அக்கரைக்காரன்னு சொல்ற” என்றார். அம்மாயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காம்பரா வாசலில் ஒரு பெட்டையைத் தூக்கிக் காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வெளுத்து, ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டிருந்தது. பெட்டை முட்டையிடும் காலத்தில் நிறமெல்லாம் மஞ்சள்கருவுக்குப் போய்விடும். கால் வெளுக்கும்.

“நெறைய முட்டை விட்டிருக்கும் இது. கூட்டுல ஒண்ணுகூட இல்ல. தேயிலைக்குள்ளதான் எங்கயோ விடுது. போய்ப் பாரு தம்பி.”

மூன்றாவது நிரையில், செடித்தூருக்குள் பதினேழு இருந்தன.