பசியோடு வந்த விருந்தாளி

அமெரிக்க நாட்டின் வட எல்லையிலுள்ள மினசோட்டா மாநிலத்தில், சிற்றூர்ப் பங்கு ஒன்றில் மூன்று ஆண்டுகள் பணிபுரிந்து நாம் திரும்பியபோது, சந்தித்தோர் யாவரும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: "அந்தக் குளிரை எப்படிச் சாமி தாங்கினீர்கள்?" குளிரைப் பற்றிக் கூற நம்மிடம் அதிகமில்லை. ஓர் ஆந்தையைப் பற்றிக் கூற உண்டு.

நம் ஊரில் ஆந்தை அலறினால் வீட்டாரின் முகம் வாடிவிடும். அங்கேயோ, ஆந்தையைக் காண்பதற்கென்றே மக்கள் நெடுந்தொலைவு கடந்து வருகின்றனர். துலூத் நகருக்கு வடமேற்கே, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில், சாக்ஸ்-ஸிம் என்னும் சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. சனவரித் திங்களில் அது வெண்பனி மூடிய பெருவெளி. இரும்புச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பங்கு முதியவர் ஒருவர், நம்மை முதன்முதலாக அங்கே அழைத்துச் சென்றார். அன்று பூச்சியத்துக்குக் கீழே 28 டிகிரி. நம் மூச்சு கழுத்துத் துணியிலேயே உறைந்தது.

ஸ்புரூஸ் மரமொன்றின் உச்சியில் அது அமர்ந்திருந்தது. கிரேட் கிரே என்று அங்குள்ளோர் அழைக்கும் பெரிய சாம்பல்நிற ஆந்தை. நீளம் இரண்டடிக்கு மேல். எடையோ ஏறத்தாழ ஒரு கிலோதான். "பார்ப்பதெல்லாம் இறகு, ஃபாதர், உள்ளே இருப்பது சிறிய உடல்" என்றார் முதியவர். அதன் வட்ட முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்பும் தட்டுப் போன்றது. பனிக்கு அடியில் ஓடும் சிற்றெலியைக் கண்ணால் காணாமலே, ஓசையைக் கேட்டே அது அறியும். நாம் பார்த்திருக்கையிலேயே ஓசையின்றிப் பறந்து, பனிக்குள் பாய்ந்து, இரையோடு எழுந்தது. சிறு பிள்ளையைப் போல் மகிழ்ந்தோம்.

திரும்பும் வழியில் முதியவர் ஒன்று சொன்னார். ஆண்டு முழுதும் அச்சதுப்பு நிலத்தில் தங்கும் ஆந்தைகள் சிலவே. ஆனால், கனடா நாட்டுக் காடுகளில் எலிகள் அருகும் குளிர்காலங்களில், வடக்கிலிருந்து ஆந்தைகள் திரளாக இறங்கி வரும். 2004-05 குளிர்காலத்தில் மினசோட்டாவில் 5,000க்கும் மேற்பட்டவை காணப்பட்டன. பார்வையாளருக்கு அது திருவிழா. சாலையோரங்களில் தாழப் பறந்து வேட்டையாடிய பறவைகளோ, பல, வண்டிகளில் மோதி மடிந்தன. "நமக்கு அரிய காட்சி, அவற்றுக்குப் பஞ்சம்" என்றார் அவர். கேட்டோம், மறந்தோம்.

மறு குளிர்காலத்தில் மீண்டும் சென்றோம். சாலையோரத்தில் பத்துப் பேர் கூடியிருந்தனர். எதிர்ப்புற மரத்தில் ஆந்தை. ஒருவர் தம் நிழற்படக் கருவியைச் சரிசெய்துகொண்டு, கடையில் வாங்கி வந்த வெள்ளெலி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். நோக்கம் நமக்குப் புரிந்தது. "வேண்டாம்" என்று ஒரு சொல் கூறியிருக்கலாம். குருவின் சொல்லை அவர்கள் மதித்திருக்கவும் கூடும். நாம் வாய் திறக்கவில்லை. அப்பறவை நம்மை நோக்கித் தாழப் பறந்து வருவதைக் காணும் ஆசை நமக்கும் இருந்தது.

எலி பனிமேல் விடப்பட்டது. ஆந்தை சாலையைக் கடந்து வந்தது. அந்நேரம் மரம் ஏற்றிய லாரி ஒன்றும் வந்தது.

முதியவர் அதை எடுத்து நம் கைகளில் வைத்தார். அத்தனை பெரிய உருவத்துக்குப் பாரமே இல்லை. இறகுகளுக்குள் விரல் புதைந்தபோது, சதை வற்றிய நெஞ்செலும்பு கத்தி விளிம்பைப் போல் தட்டுப்பட்டது. வீடு சேரும்வரை அவர் பேசவில்லை. கடிந்துகொண்டிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் முன்பு கிறிஸ்துமஸ் காலத்தில், அணி பிரிந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டி வழக்கமாயிருந்தது. சுடுவதற்கு மாற்றாக எண்ணுவோம் என்றார் பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர். 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று 27 பேர் 25 இடங்களில் தொடங்கிய அக்கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. நல்ல மாற்றம்தான். ஆயினும், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டால் மட்டும் போதாதென நாம் கற்றோம். பார்க்கும் ஆசைக்கும் ஓர் எல்லை வேண்டும். பசித்து வந்த பறவைக்கு நாம் செய்யக்கூடிய உபசாரம், எட்ட நிற்பதே.

மனிதருக்கோ நாம் எட்ட நிற்க வேண்டியதில்லை. நெடுநாள் காணாத ஒருவர் வாசலில் நின்றால், "அதிசயமாக வந்திருக்கிறீர்களே!" என வியப்பது நம் வழக்கம். அவரை இழுத்து வந்தது எதுவென எண்ணுகிறோமா?

சென்ற மாதம் அப்படி ஒருவர், இருட்டிய பின், நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். அதிசயம் என்று சொல்ல எழுந்த நாவை அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டீர்களா?" எனக் கேட்டோம்.

அவர் சாப்பிட்டிருக்கவில்லை.