பதினாறு பட்டைத் தூண்

சீனாவின் சுவான்சோ நகரில், மேற்குத் தெருவில் பிறந்தவர் அவர். கல்யாணமாகிப் பினாங்குக்குப் போய் முப்பத்தாறு வருடங்கள். இந்தமுறை ஊருக்கு வந்தது சுற்றுலாக் குழுவோடு: இருபது பேர், ஒரு பேருந்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். பெற்றோர் இல்லை, வீடும் கைமாறிவிட்டது. போய் இறங்க ஓர் உறவு வாசல்கூட இல்லை.

முதலில் காய்யுவான் கோயில். கி.பி. 686இல் தோன்றிய பௌத்தக் கோயில் அது. வளாகத்தின் இரண்டு பக்கமும் 13ஆம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள். கிழக்குக் கோபுரம் 48 மீட்டர் உயரம். 1604இல் இந்தக் கடற்கரையை உலுக்கிய பெரும் பூகம்பத்திலும் இரண்டும் விழவில்லை. வழிகாட்டிப் பெண் கொடியை உயர்த்திப் பிடித்து மாண்டரினில் விளக்கிக்கொண்டே போனார். இவர் கால்கள் மட்டும் தாமாகவே பெரிய மண்டபத்தின் பின்புறம் திரும்பின.

அங்கே இரண்டு தூண்கள், பதினாறு பட்டை வைத்துச் செதுக்கியவை. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது முகம் புதைத்து நூறுவரை எண்ணுவது அந்தத் தூண்களில்தான். அவற்றிலிருந்த வட்டச் சிற்பங்களில் ஒன்றைச் சிங்கம் என்றும், இன்னொன்றை மரமேறிப் பையன் என்றும் பிள்ளைகள் அழைத்தார்கள்.

குழுவில் பினாங்குத் தமிழர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். தூணைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். சிங்கம் நரசிம்மர் என்றார். மரத்தில் இருப்பவன் கோபியரின் சேலைகளை எடுத்துக்கொண்டு ஏறிய கண்ணன். அதோ, யானையைக் காப்பாற்ற வந்த திருமால். இருவரும் மலாயில்தான் பேசிக்கொண்டார்கள். ஐம்பது வருடம் கழித்து அந்தச் சிற்பங்களுக்கு அவரிடம் பெயர் வந்து சேர்ந்தது, அதுவும் பினாங்கில் தன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் குடியிருப்பவர் வழியாக.

இந்தக் கற்கள் இங்கே வந்த கதை பெரியது. குப்லாய் கான் ஆண்ட 1281இல், கானின் உடல்நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இந்த ஊரில் சிவன் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது, கீழே சீன எழுத்தும் உண்டு. பின்னாளில் இங்கிருந்த தமிழ் வணிகர் கூட்டம் கலைந்தது, அவர்களுடைய கோயிலும் அழிந்தது. மிங் காலத்தில் பௌத்த மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் அதன் தூண்களை எடுத்து நிறுத்திக்கொண்டார்கள். வேறு மதத்துத் தெய்வங்கள் என்று உளியால் கொத்தி எடுக்காமல் விட்ட கைகளை இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

அரபு வணிகர்கள் இந்தத் துறைமுகத்தை ஜைதூன் என்றார்கள். ஊரெங்கும் நின்ற ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்தது அது. மரம் நமக்குத் தெரிந்ததுதான்: முள்ளும் சிவந்த பூவுமாக நிற்கும் கல்யாண முருங்கை.

1009இல் கட்டிய மசூதியைப் பேருந்திலிருந்தே காட்டினார்கள். மதியச் சாப்பாட்டில் சிப்பியும் முட்டையும் சேர்த்துப் பொரித்த பதார்த்தம் வந்தது. பினாங்கில் ‘ஓ சியென்’ என்று விற்பது இதுதான். கூடவே தேநீர், நாம் ‘தேயிலை’ என்கிறோமே, அந்தத் ‘தே’யும் இந்த மக்களின் மின்னான் பேச்சில் பிறந்த சொல்தான்.

மேற்குத் தெருவில் பெண்கள் தலையைச் சுற்றிப் பூமாலை வளையங்கள் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாடகைக்குக் கிடைக்கிறது. இவருடைய பாட்டி ஷுன்பு என்னும் மீனவ ஊர்க்காரி. தினமும் அப்படிப் பூச்சூடிக்கொண்டுதான் கூடை சுமந்து சந்தைக்குப் போவாள். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு நகரம் தன்னைப் பார்த்துப் பார்த்துத் துடைத்து வைத்திருக்கிறது. அதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிறந்த வீட்டுச் சந்தினைக் கண்டுபிடிக்க மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது.

கடைசியாக லோயாங் பாலம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்த கற்பாலம். கடல்நீர் ஏறி இறங்கும் முகத்துவாரத்தில் அடித்தளக் கற்கள் நகராமலிருக்க, அவற்றின்மேல் உயிருள்ள சிப்பிகளை வளர்த்தார்கள். அவற்றின் ஓடுகள் ஒட்டிக்கொண்டு கல்லைக் கல்லோடு பிணைத்தன. சிமெண்டு இல்லாத காலத்தில் உயிரைக் கொண்டே பூசிய பூச்சு.

நீர் வற்றியிருந்தது. கரையில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். இவர் குனிந்து மின்னான் மொழியில் விலை கேட்டார். அந்தப் பெண் விலை சொல்லவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

“எப்ப ஊருக்கு வந்தீங்க, அக்கா?”

காலையிலிருந்து யாரும் அப்படிக் கேட்கவில்லை. பேருந்து ஒலி எழுப்பியது. அவர் அந்தக் கூடையருகே உட்கார்ந்துவிட்டார்.