உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. ஒருவர் கையால் ஒரு நேரம் உண்டாலும் அந்த நன்றியை ஆயுள் உள்ளவரை மறவாதே என்பது அதன் பொருள். சிறு வயதில் இவ்வாக்கியத்தைக் கொப்பியிலே பத்து முறை எழுதிப் பழகிய நாளில், உப்பிட்டவர் யார் என்ற ஐயம் எனக்கு எழுந்ததேயில்லை. உப்பிட்டவர் அம்மா, உண்டவர் நாங்கள். இதிலே ஐயத்திற்கு இடமேது? ஆனால், அண்மையில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம், நாற்பது வயதையும் கடந்துவிட்ட என்னை மீண்டும் அந்தக் கேள்வியின் முன்னே கொண்டு வந்து நிறுத்திவிட்டது.

என் தாயார் படுவான்கரையிற் பிறந்து, மணமாகி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தவர். அளவுக் கரண்டி என்ற ஒன்றை அவர் கையாலும் தொட்டதில்லை. உள்ளங்கையே அவருக்குத் தராசு. வாவியிலே பிடித்த திரளி மீனுக்குக் கொறுக்காப்புளி எவ்வளவு, இறாலுக்குத் தேங்காய்ப்பால் எவ்வளவு என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். வாய்க்குச் சொல்லத் தெரியாது. "எவ்வளவு உப்பு அம்மா?" என்று கேட்டால், "பார்த்துப் போடு புள்ள" என்பதே விடை. ஊரிலே கலியாணமானாலும் கோயிற் சடங்கானாலும், கறிச் சட்டியின் ஆவியை மோந்து பார்த்தே உப்புக் குறைவென்று சொல்லிவிடுவார் என்பது எங்கள் உறவினரிடையே பிரசித்தம்.

அத்தகைய அம்மாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இரத்த அழுத்தம் கண்டது. உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் பணித்தார். அம்மாவும் மனத்தைக் கல்லாக்கிக் கொண்டு குறைத்தார். சில மாதங்கள் எங்கள் வீட்டுச் சாப்பாடு சப்பென்றிருந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தாமே சொல்லித் தாமே சிரித்துக்கொள்வார். பின்பு, திடீரென ஒரு நாள் கறியிலே ருசி திரும்பிவிட்டது. நாங்கள் மகிழ்ந்து உண்டோம். "உப்புப் போடாமலே ருசி வரப்பண்ணிப் போட்டன் பாரு" என்று அம்மாவும் பெருமை கொண்டார். கல்லூரியிலிருந்து களைத்து வந்து, ஆக்கி வைத்ததை உண்ணும் நான், அந்த ருசி எங்கிருந்து வந்ததென்று விசாரிக்கவில்லை. அது என் குற்றம்.

மாதாந்தக் கிளினிக்கிலே கணக்குப் பிழைத்தது. அழுத்தம் ஏறியிருந்தது. உப்பைக் குறைக்கவில்லையா என்று வைத்தியர் கேட்டபோது, "சட்டிக்குள்ள ஒரு கல்லுப்பும் போடுறதில்லை ஐயா" என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அம்மா பொய் சொல்பவர் அல்லர். வைத்தியரோ என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அன்று மாலை அடுக்களையிலே, தேயிலை வைக்கும் பழைய ரின் ஒன்றைத் திறந்தேன். உள்ளே, பளபளக்கும் கடதாசியிற் சுற்றிய சிறு சிறு ருசிக் கட்டிகள் நிறைந்திருந்தன. அவற்றின் பெட்டியிலே ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மாலை வேளைகளில் அம்மாவும் என் மகளும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் தொலைக்காட்சியிலே தோன்றும் ஒரு சமையற்கலைஞரின் முகம் அது. பெயர் இங்கு வேண்டியதில்லை. பெட்டியைத் திருப்பினேன். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில் உள்ளடக்கம் அச்சிடப்பட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். முதற் சொல்: உப்பு.

பொதி செய்த உணவிலே, எது நிறையால் அதிகமோ அதுவே பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது விதி. எனவே அந்தக் கட்டியில் மற்றெல்லாவற்றையும் விட மிகுந்திருந்தது உப்பே. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாகவே, உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அம்மா சட்டிக்கு இரண்டு கட்டி போட்டு வந்தார். மதியமும் போட்டார், இரவும் போட்டார். முன்வாசலால் வெளியேற்றிய உப்பு, வர்ணக் கடதாசி உடுத்திக்கொண்டு பின்வாசலால் நுழைந்துவிட்டது.

விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப, அந்த மனுசனுக்கு இது தெரியாதா புள்ள?" என்று கேட்டார்.

எத்தனையோ மாணவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். அன்று அம்மாவின் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

அவருக்குத் தெரியும். உப்பைப் பற்றி அவரை விட நன்கறிந்தவர் யார்? அவர் பொய் சொன்னாரா? அதுவுமில்லை. "ருசியாயிருக்கும்" என்றார், ருசியாகத்தான் இருந்தது. அவர் சொன்னதெல்லாம் மெய். சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கம்பனியார் கூலி கொடுப்பது அவருடைய பேச்சுக்கு மட்டுமன்று, மௌனத்திற்கும் சேர்த்தே என்பது அன்று எனக்குப் புலனாயிற்று.

பெரியவர் ஒருவரின் பெயரைக் காட்டி உணவுப் பொருளை விற்பது புதுமையன்று. ஜெர்மனியின் புகழ்பெற்ற இரசாயன விஞ்ஞானி லீபிக் என்பவரின் பெயரால் 1865ஆம் ஆண்டிலே மாமிசச் சாறு விற்கும் கம்பனி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் ஜாடிகளில் அவருடைய கையொப்பமே முத்திரையாக விளங்கிற்று. மாமிசத்தின் போஷாக்கு அந்தச் சாற்றில் இல்லையென்று பின்னர் வேறு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். ஆயினும் கையொப்பம் விற்றுக்கொண்டேயிருந்தது. அமெரிக்காவிலே மாவாலைக் கம்பனி ஒன்று 1921இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இல்லத்தரசிகள் எழுதும் கடிதங்களுக்குப் பதிலெழுத, பெற்றி குரொக்கர் என்றொரு பெண்மணியைக் கற்பனையாகவே படைத்துவிட்டது! வானொலியிலும் அவர் பெயராற் சமையற்பாடம் நடந்தது. பிறவாத அந்தப் பெண்மணி, 1945இல் அமெரிக்கரின் அபிமானம் பெற்ற பெண்களுள் இரண்டாமிடத்தில் இருப்பதாக ஒரு பிரபல சஞ்சிகை எழுதிற்று. முதலிடம் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் மனைவியாருக்கு.

தொலைக்காட்சி வந்தபின் கற்பனை முகங்கள் தேவைப்படவில்லை. உண்மையான சமையற்காரரே நம் கூடத்துக்குள் வந்து, வெங்காயம் வெட்டி, வதக்கி, ருசி பார்த்துத் தலையசைக்கிறார். நாளடைவில் அவர் நமக்கு மாமாவாகவோ அண்ணனாகவோ ஆகிவிடுகிறார். 2019ஆம் ஆண்டின் இறுதியில் தமிழகத்தில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' நிகழ்ச்சியின் நடுவர்களை எங்கள் அயலிலுள்ள பிள்ளைகள் உறவினரைப் போலவே பேசுவர். இந்த உறவே விளம்பரத்தின் மூலதனம். நடிகர் ஒருவர் சவர்க்காரத்தைப் புகழ்ந்தால், அது நடிப்பு என்று நாம் அறிவோம். சமையற்காரர் ஒரு மசாலாவைப் புகழ்ந்தால் அது பாடம் என்று எண்ணிவிடுகிறோம். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. வகுப்பறையிலே பாடநூலை விளக்குகிறேன்; அதே மேசையில் நின்று ஒரு பேனைக் கம்பனிக்காக நான் பேசத் தொடங்கினால், பிள்ளைகள் அதையும் பாடமென்றே குறித்துக்கொள்வார்கள் அல்லவா?

இதனை உணர்ந்தவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். 1963இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையலைக் கற்பிக்கத் தொடங்கிய ஜூலியா சைல்ட் அம்மையார், 2004இல் மறையும்வரை எந்தப் பண்டத்துக்கும் தம் பெயரைச் சிபாரிசாகக் கொடுக்க மறுத்தே வந்தார். மறுபுறம், மார்க்கோ பியர் வைட் என்ற ஆங்கிலேயர் 1995இல், முப்பத்து மூன்று வயதிலேயே, சமையலுலகின் மிக உயர்ந்த பட்டமாகிய மூன்று மிச்செலின் நட்சத்திரங்களைப் பெற்றவர். 1999இல் அவற்றை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார். அத்தகைய சுதந்திர புருஷர், பின்னாளில் க்னோர் கம்பனியின் சாற்றுக் கட்டிகளுக்கு விளம்பர முகமானார். இந்தியாவில் 1993 முதல் 'கானா கஸானா' நிகழ்ச்சியால் வீடுதோறும் அறிமுகமான சஞ்ஜீவ் கபூர், ரற்றா கம்பனியின் சம்பன் பருப்பு, மசாலா வகைகளுக்குத் தம் பெயரை வழங்கினார்.

சிபாரிசு செய்வோர் அனைவரும் தீயோர் என்பது என் கருத்தன்று. பருப்பு நல்ல பருப்பானால் அதை நல்லதென்று ஒரு வல்லுநர் சொல்வதில் தவறென்ன? பொதியுணவையும் நான் வெறுக்கவில்லை. காலையில் ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படும் பெண்ணுக்கு, அரைத்த தூளும் பொதி செய்த பாலும் எத்துணை உதவி! 2025இன் தொடக்கத்திலே தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாயைக் கடந்தபோது, எங்கள் வீட்டுச் சொதியும் தேங்காய்ப்பால் மாவிலேயே கொதித்தது. அம்மியைத் துறந்தவள் பாவி என்று அம்மியைத் தொட்டறியாத ஆடவர் எழுதுவதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பே வரும். நான் கேட்பது ஒன்றுதான்: கற்பிக்கும் வாய் எது, விற்கும் வாய் எது என்பது காண்போருக்குத் தெளிவாகத் தெரியவேண்டும்.

சட்டமும் இப்பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரமுகருக்கும் பத்து இலட்சம் இந்திய ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சொல்வதைத் தக்கபடி ஆராய்ந்த பின்பே சொன்னவருக்கு அதில் விலக்கு உண்டு. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. 2016 ஆகஸ்ற் முதல் இனிப்புப் பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் முறையும் இங்கு வந்தது. எழுத்தறியாத பாட்டியும் அறியக்கூடிய மொழி அது. ஆயினும், மௌனத்தைத் தண்டிக்கும் சட்டத்தை எந்த நாட்டில் இயற்றுவது? "இதில் உப்பு அதிகம், அழுத்தமுள்ளோர் கவனம்" என்று சொல்லாமல் விட்ட புன்னகையை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

உண்மையைச் சொன்னால், உப்பை விட வேறொன்றே என் மனத்தை அதிகம் வருத்திற்று. கட்டிகளைப் பற்றி நான் சொல்லி முடித்த பின், அம்மா மெல்லிய குரலில், "எனக்கு இப்ப சமைக்க வராதெண்டு நினைச்சுப் போட்டன் புள்ள" என்றார். உப்பைக் குறைத்த நாளிலே கறி சப்பென்று போனதும், நாங்கள் தட்டில் மிச்சம் வைத்து எழுந்ததும் அவர் மனத்திலே தைத்திருந்தன. அந்நேரம் பார்த்து, பேரும் புகழுமுடைய ஒருவர் திரையிலே தோன்றி, "இது இருந்தாற்போதும்" என்றார். ஐம்பது ஆண்டுகள் ஊருக்கே உப்புப் பார்த்த நாக்கு, தன்னை நம்புவதை விட்டு அந்த முகத்தை நம்பிற்று. பொருளை விற்றதோடு நில்லாமல், அம்மாவிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டும் போய்விட்டது அந்த விளம்பரம். அதற்கு வழிவிட்டவர்கள், ருசியைக் குறை சொல்லி எழுந்த நாங்களே.

அதனால் திருத்தத்தையும் எங்களிடமிருந்தே தொடங்கினோம். மறுநாள் நான் அடுக்களையில் அம்மாவின் அருகில் நின்றேன். உப்பின்றி ருசி தரும் வழிகள் அவரிடம் இல்லாமலா போயின? தேசிக்காய்ப் புளி, மிளகு, வறுத்த சீரகம், கறிவேப்பிலை, கொஞ்சம் கூனி. கூனியிலே ஒரு விசேஷம் உண்டு. 1908ஆம் ஆண்டிலே ஜப்பானிய விஞ்ஞானி இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை மூலமாகிய குளுற்றமேற், இறால் இனத்திலும் தக்காளியிலும் இயல்பாகவே உண்டு. கட்டி செய்யும் வித்தையின் ஒரு பகுதியை நம் வாவி நெடுங்காலமாகச் செய்து வருகிறது! இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப இந்தக் கூனிக்கு ஆர் விளம்பரம் போட்டது?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பல நாட்களாயிற்று. மிளகைக் கூட்டி, உப்பை அரைப்பங்காக்கி வைத்த அந்தக் கறியை, தட்டிலே மிச்சமின்றி அனைவரும் உண்டோம். நன்றாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் மறக்கவில்லை.

கட்டிகள் இருந்த ரின்னிலே இப்போது மீண்டும் தேயிலை இருக்கிறது. தொலைக்காட்சி நின்றுவிடவில்லை, சமையல் நிகழ்ச்சியும் நின்றுவிடவில்லை. அம்மாவுக்கு அந்தச் சமையற்காரர் மீது கோபமும் இல்லை. அவர் கற்பிக்கும்போது கவனமாகக் கேட்கிறார். வெங்காயத்தை அவர் வதக்கும் பக்குவத்தை மெச்சுகிறார். ஆனால் விளம்பரம் வந்து, அவர் ஒரு பெட்டியைக் கையிலேந்திச் சிரிக்கத் தொடங்கியதும், அம்மா பேத்தியை அழைத்துச் சொல்வது ஒன்றுண்டு:

"முன்பக்கத்தை ஆரும் காட்டுவான் மனே. பின்பக்கத்தைக் காட்டச் சொல்லு."