ஆயர் தாவாரில் ஒரு லண்டன் பயம்

ஈப்போவிலிருந்து லுமுட் போகும் சாலையில், சித்தியவானுக்கு முன்னால் வருவது ஆயர் தாவார். மலாய் மொழியில் ‘உப்புக் கரிக்காத தண்ணீர்’ என்று பொருள். ஒரு காலத்தில் பால் மரம் நின்ற தோட்டங்களில் இன்று செம்பனை. பகலிலேயே நிழல் இருண்டு கிடக்கும். மர்மக் கதை படிக்க இதைவிட நல்ல இடம் ஏது, வாசகர்களே? வரும்போது ‘தி லாட்ஜர்’ நாவலைக் கையில் எடுத்து வாருங்கள்.

1888-இல் லண்டன் வைட்சேப்பலில் ஐந்து பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரனுக்கு ‘ஜாக் த ரிப்பர்’ என்று பேர் வைத்தார்களே தவிர, ஆளைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் பீதியை வைத்து மேரி பெல்லாக் லவுண்ட்ஸ் என்ற பெண்மணி 1913-இல் எழுதிய நாவல் இது.

பட்டினியின் வாசலில் ஒரு தம்பதி. மாடி அறைக்கு ஒரு கனவான் குடிவருகிறார். வாடகையை முன்பணமாகவே நீட்டுகிறார். அவர் நள்ளிரவில் வெளியே போகும் ஓசை வீட்டுக்கார அம்மாளின் காதில் விழுகிறது. பிறகு பத்திரிகையில் கொலைச் செய்தி! சந்தேகம் வலுத்தும் அவள் போலீசிடம் போகவில்லை. வயிறு வாயைக் கட்டிவிட்டது.

கொலையைவிட இந்த மௌனம்தான் நம்மை நடுங்க வைக்கிறது. லயத்து வீடுகளில் புதிதாக ஒருவர் வந்தால், யார் பிள்ளை, எந்த ஊர் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். இன்று தாமான் வீடுகளில் பக்கத்து அறைக்காரரின் பேரே தெரிவதில்லை.

அறையை வாடகைக்கு விடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தை எண்ணுவதற்கு முன், வருபவர் யார், என்ன வேலை என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.