பீற் வயலில் இருந்து வந்த 96 கண்ணீர்த் துளிகள்

1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் திகதிக்குரிய பில்போர்ட் சஞ்சிகையின் தரவரிசையில், அமெரிக்காவின் முதலாவது பாடலாக இடம்பெற்றது "நைன்ரி சிக்ஸ் ரியர்ஸ்". தமிழிற் சொல்வதானால் தொண்ணூற்றாறு கண்ணீர்த் துளிகள். அதற்கு முந்திய இரு வாரங்களும் அவ்விடத்தில் வீற்றிருந்தவர்கள், டிற்றோயிற் நகரின் பெரும் இசை நிறுவனமாகிய மோட்டவுனின் போர் ரொப்ஸ் குழுவினர். அடுத்த வாரம் அவ்விடத்தைக் கைப்பற்றியவர்கள், தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகவே திரட்டப்பட்ட மங்கீஸ் குழுவினர். பணமும் விளம்பரமும் படைத்த இவ்விரு தரப்பாருக்கும் நடுவே ஒரேயொரு வாரம் முதலிடத்தில் நின்றவர்கள், மிச்சிகன் மாநிலத்தின் சாகினோ, பே சிற்றி ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஐந்து மெக்சிக்க இளைஞர்கள். அவர்களுள் கிற்றார் வாசித்தவருக்கு வயது பதினாறு. ஓர்கன் வாசித்தவருக்குப் பதினைந்து.

அவர்களின் குழுவின் பெயரை வாயாற் சொல்வதே கடினம். "? உம் மிஸ்ரீரியன்ஸும்" என்பது அப்பெயர். பாடகர் தமது பெயருக்குப் பதிலாக ஒரு வினாக்குறியையே வைத்துக்கொண்டார். பின்னாளிற் சட்டப்படியும் அதனையே தமது பெயராக்கிக் கொண்டார்.

நாம் இந்நாட்டுக்கு வந்த புதிதில், 1990 களின் முற்பகுதியில், ரொறன்ரோவில் ஒரு உணவகத்திற் கோப்பை கழுவினோம். எம்மைப்போல் எத்தனையோ பேர் கழுவினார்கள். அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அச்சமையலறையின் தட்டொன்றில் எண்ணெய் படிந்த வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. பழைய பாடல்களை மட்டும் ஒலிபரப்பும் நிலையம் ஒன்றில் அதன் முள் நின்றுவிட்டது. எவரும் அதனை மாற்றுவதில்லை. அதில் அடிக்கடி வரும் ஒரு பாட்டில், ஓர்கன் ஒன்று ஒரே சிறு சுரத்தொடரை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் ஒருவன், பாடுகிறானா பேசுகிறானா என்று பிரித்தறிய முடியாத குரலில் ஏதோ முறையிடுவான். எமது ஆங்கிலம் அன்று அப்பாடலைப் பின்தொடரப் போதாது. ஆயினும், ஒருவன் தன்னை விட்டுப் போனவளை நோக்கி, "ஒரு நாள் நான் மேலே நிற்பேன், அன்று நீ அழுவாய்" என்கிற கருத்திற் பேசுகிறான் என்பது மொழி தெரியாமலே விளங்கிற்று. பாடியவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்வார். பாத்திரச் சத்தத்தில் அது காதில் விழாது.

பல ஆண்டுகள் கழித்தே அப்பாடலின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்தபின் அது எமக்கு முன்போல் வெறும் காதற் பாட்டாகக் கேட்கவில்லை.

சாகினோப் பள்ளத்தாக்கு சீனிக்கிழங்கு எனப்படும் பீற் விளையும் பூமி. அக்காலத்தில் பீற் விதை ஒவ்வொன்றிலிருந்தும் பல முளைகள் கொத்தாகக் கிளம்பும். கொத்தில் ஒன்றை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கையாற் பிடுங்கியாக வேண்டும். இல்லையேற் கிழங்கு பருக்காது. குட்டைப் பிடி மண்வெட்டியுடன் குனிந்தபடி, மைல் கணக்கான வரிசைகளில் நாள் முழுவதும் நகர வேண்டிய வேலை இது. கோடையிற் களை பிடுங்குதல், இலையுதிர் காலத்தில் கிழங்கின் தலையை வெட்டுதல் என்று பனி விழும் வரை அது தொடரும். முன்னர் இவ்வேலைக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் இருந்தன. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அக்குடியேற்றத்தை அமெரிக்கா கட்டுப்படுத்தவே, சீனிக் கம்பனிகள் ரெக்சாஸுக்கும் மெக்சிக்க எல்லைக்கும் ஆட்களை அனுப்பிக் குடும்பம் குடும்பமாக வேலையாட்களைத் திரட்டி வந்தன. 1930 களிற் பொருளாதார மந்தம் வந்தபோது அதே மக்களை இரயிலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். அமெரிக்க மண்ணிற் பிறந்த பிள்ளைகளும் அவ்விரயில்களிற் சென்றார்கள். பின்னர் தேவை வந்தபோது மீண்டும் அழைத்தார்கள். வேண்டும்போது வரவேற்பதும் வேண்டாதபோது கடதாசி கேட்பதும் எந்த நாட்டுக்கும் புதிதல்ல என்பது எமது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வயலில் வேலை செய்தவர்களிற் பலர் மெல்ல மெல்ல ஜெனரல் மோட்டேர்ஸின் வார்ப்பு ஆலைகளுக்குச் சென்று, சாகினோவிலேயே நிலைகொண்டார்கள். இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள்தாம் 1962 இல் ஒரு கிற்றார் குழுவை ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் லாரி போர்ஹஸ், பொபி பல்டர்ராமா, றொபேட் மார்ட்டினெஸ் ஆகிய மூவர் இருந்தார்கள். பின்னர் றொபேட்டின் சகோதரர் ரூடி பாடகராக வந்து சேர்ந்தார். இவரே நாம் மேலே கூறிய வினாக்குறி. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இவரை எவரும் பார்த்ததில்லை என்பார்கள். தாம் செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவர் என்று பேட்டிகளிற் சொல்லிக்கொள்வது இவரது வழக்கமாக இருந்தது.

செவ்வாய் என்பது வெறும் கோமாளித்தனமாகத் தோன்றலாம். ஆனால் குழுவின் பெயர் வந்த வழியைப் பார்த்தால் வேறு விதமாகவும் தோன்றும். 1957 இல் ஜப்பானில் இஷிரோ ஹொண்டா இயக்கிய "மிஸ்ரீரியன்ஸ்" என்ற திரைப்படத்திலிருந்தே அப்பெயரை எடுத்தார்கள். அப்படத்தில் வரும் வேற்றுக் கிரகத்தார், அணுப்போரினால் தமது கிரகத்தை இழந்து செவ்வாயில் ஒதுங்கியவர்கள். பூமிக்கு வந்து அவர்கள் முதலிற் கேட்பது மூன்று கிலோமீற்றர் ஆரையளவு நிலமும், பூமியின் பெண்களை மணம் முடிக்கும் உரிமையும். படத்தில் அவர்கள் வில்லன்கள், அடித்துத் துரத்தப்படுகிறார்கள். வெள்ளையர் ஊரில் வளர்ந்த பீற் வயற் பிள்ளைகள் தமக்கு இப்பெயரை ஏன் தேர்ந்தார்கள் என்று நாம் ஊகித்துச் சொல்லப் போவதில்லை. பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

1964 பெப்ரவரியில் பீற்றில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் தோன்றியபின், அந்நாட்டில் வாகனக் கொட்டகை உள்ள வீடுகளிலெல்லாம் ஒரு குழு முளைத்தது என்று சொல்லுமளவுக்கு இளைஞர்கள் கிற்றாரைத் தூக்கினார்கள். மலிவான கருவிகள், அரைகுறைப் பயிற்சி, அடங்காத ஆர்வம். கராஜ் றொக் என்று அதற்குப் பின்னாளிற் பெயரிட்டார்கள். இவ்வலையில் எழுந்த குழுக்களிற் பெரும்பாலானவை ஒரு பாட்டுடன் முடிந்துபோயின.

மிஸ்ரீரியன்ஸுக்கு அந்த ஒரு பாட்டும் இலகுவாக வரவில்லை. வியற்நாம் போர்க் காலம் அது. றொபேட் மார்ட்டினெஸும் லாரி போர்ஹஸும் இராணுவத்துக்குப் போக நேர்ந்தது. அவர்களுக்குப் பதிலாக எடி செராற்றோ தாள வாத்தியத்துக்கும், பிராங்க் லூகோ பாஸ் கிற்றாருக்கும் வந்தனர். ஓர்கனில் பிராங்க் றொட்றிகெஸ். இவர்களை நிருவகித்தவர் லில்லி கொன்சாலெஸ் என்ற மெக்சிக்கப் பெண்மணி. பெரிய கம்பனிகளின் கதவைத் தட்டிக் காத்திராமல், "பா கோ கோ" என்ற தமது சிறு நிறுவனத்தின் பெயரிலேயே அவர் இசைத்தட்டை வெளியிட்டார். 1966 இன் இளவேனிலில் பே சிற்றியில் ஒரு சிறிய கூடத்தில் ஒலிப்பதிவு நடந்தது. பாடலுக்கு முதலில் இருந்த பெயர் "ரூ மெனி ரியர்ட்ரொப்ஸ்", அதாவது மிதமிஞ்சிய கண்ணீர்த் துளிகள். மிதமிஞ்சிய என்பதை எண்ணிச் சொல்லலாம் என்று யாருக்குத் தோன்றிற்றோ, அவர் வாழ்க. "மிதமிஞ்சிய" என்றால் மறந்துவிடுவோம். தொண்ணூற்றாறு என்றால் மறக்க முடியாது.

இசைத்தட்டின் முன்பக்கத்தில் வேறொரு பாட்டைப் போடவே ஏனையோர் விரும்பினார்கள். இதுதான் முன்பக்கம் என்று பிடிவாதமாக நின்றவர் வினாக்குறியார். சில நூறு பிரதிகளே முதலில் அச்சாகின. அவற்றை வானொலி நிலையங்களுக்குத் தாமே கொண்டுசென்று கொடுத்தார்கள். பிளின்ற் நகரின் நிலையம் ஒன்று ஒலிபரப்பத் தொடங்கிற்று. பின்னர் ஆற்றுக்கு இக்கரையில், எமது ஒன்ராறியோவின் வின்சர் நகரிலிருந்து 50,000 வற்று வலுவுடன் ஒலிபரப்பிய சீகேஎல்டபிள்யூ நிலையம் அதனைக் கையிலெடுத்தது. அந்நிலையத்தின் ஒலி அமெரிக்காவின் பல மாநிலங்களுக்குக் கேட்கும். அதன்பின் பிலடெல்பியாவின் கமியோ-பார்க்வே நிறுவனம் ஒலிப்பதிவை வாங்கி நாடெங்கும் விநியோகித்தது. பத்து இலட்சத்துக்கும் மேலான பிரதிகள் விற்பனையாகித் தங்க இசைத்தட்டு கிடைத்தது. மெக்சிக்க வம்சாவளியினரான றிச்சி வலன்ஸின் பாடல் 1959 இல் இரண்டாம் இடம் வரை சென்றிருந்தது. முதலிடத்தைத் தொட்ட மெக்சிக்க இளைஞர் குழு என்றால் இவர்கள்தாம்.

எமது வீட்டில் இக்கதை இப்போது அடிபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்காபறோவில் எமது நிலக்கீழ் அறையில், எமது மகனும் அவனது பெரியப்பாவின் பிள்ளைகள் இருவரும் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குத் தாள வாத்தியம் தொடங்கினால் மேலே குசினியில் இருக்கும் பேணிகள் ஆடும். "படிக்கிற வயதில இதென்ன கூத்து" என்று உறவினர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் தமது இளமையில் நித்தி கனகரத்தினத்தின் பாட்டுக்கும் ஏ. ஈ. மனோகரனின் பாட்டுக்கும் கல்யாண வீடுகளில் ஆடியவர்கள் என்பதை நாம் அறிவோம். மரியாதை கருதி நினைவூட்டுவதில்லை. அண்மையில் ஒரு சிறு இசை நிறுவனம் பிள்ளைகளுக்கு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை அனுப்பியிருந்தது. பதினொரு பக்கங்கள். "அப்பா, கையெழுத்து மட்டும் வைச்சாக் காணும், மிச்சத்தை அவையள் பாப்பினம்" என்றான் மகன். அகதி விண்ணப்பம் முதல் வீட்டுக் கடன் வரை, "கையெழுத்து மட்டும்" என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அன்றிரவு அவனை இருத்தி வைத்து இக்குழுவின் எஞ்சிய கதையைச் சொன்னோம். அந்த எஞ்சிய பகுதிதான் உண்மையில் முக்கியமானது.

அடுத்து வந்த பாடல் 22 ஆம் இடத்துடன் நின்றது. 1967 இல் வந்த மற்றொன்று 56 ஆம் இடம். அதே ஆண்டில் கமியோ-பார்க்வே நிறுவனம் தள்ளாடி, அலன் கிளைன் என்பவரின் கைக்குப் போயிற்று. நிறுவனத்துடன் அதன் ஒலிப்பதிவுகள் யாவும் போயின. இவர்களின் இரு இசைத்தொகுப்புகளும் அவற்றுள் அடக்கம். இசைத்தட்டின் காலம் போய்க் குறுந்தட்டின் காலம் வந்தபோது, ஏனைய குழுக்களின் பழைய பாடல்கள் எல்லாம் மறுபதிப்பாகிக் கடைகளுக்கு வந்தன. இவர்களுடைய மூலப் பதிவு 2005 வரை அதிகாரபூர்வமான குறுந்தட்டாக வெளிவரவில்லை. உலகம் அறிந்த பாட்டு. பாடியவர்களே அதனை வெளியிட முடியாது. எனவே 1997 இல் அவர்கள் மீண்டும் கூடி, தமது பாடல்களையே திரும்ப வாசித்து ஒலிப்பதிவு செய்தார்கள். நாற்பது, ஐம்பது வயதில், பதினைந்து வயதில் வாசித்ததை அப்படியே வாசிக்க முயன்றார்கள். தாம் கட்டிய வீட்டின் திறப்பு பிறரிடம் இருக்க, பக்கத்துக் காணியில் அதே மாதிரி இன்னொரு வீடு கட்டியதற்கு ஒப்பானது இது. வாசகர்களிற் சிலருக்கு இவ்வுவமை சற்று அதிகமாகவே சுடும் என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

இதற்கிடையிற் பாட்டு தன்பாட்டில் உலகைச் சுற்றிற்று. அறீதா பிராங்க்ளின் 1967 இலேயே அதனைப் பாடினார். 1981 இல் கார்லண்ட் ஜெவ்ரிஸ் பாடினார். அவர்களின் 56 ஆம் இடத்துப் பாட்டை 1998 இல் ஸ்மாஷ் மவுத் என்ற குழு பாடி, புதிய தலைமுறையிடம் கொண்டுசென்றது.

மகன் கேட்டான்: "அப்ப அவை பேந்து பாடாமல் விட்டிட்டினமே?" விடவில்லை என்றோம். 2007 ஜனவரியில் வினாக்குறியாரின் வீடு தீப்பற்றி எரிந்தது. நாற்பதாண்டு நினைவுப் பொருட்களும் அவர் வளர்த்த நாய்களும் அதிற் போயின. அதன் பின்னரும் அதே கறுப்புக் கண்ணாடியுடன் மேடையேறினார். தாள வாத்தியக்காரர் எடி செராற்றோ 2011 இற் காலமானார்.

ஒப்பந்தப் பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை. நான்காம் பக்கத்தில், மூல ஒலிப்பதிவின் உரிமை "என்றென்றைக்கும்" நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழ்ப் பென்சிலாற் கோடிட்டு வைத்திருக்கிறோம். நிறுவனம் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் நிறுவனங்கள் கைமாறும். புதிய கை எத்தகையது என்பது பதினொரு பக்கங்களில் எங்கும் எழுதப்படவில்லை. ஒரு சட்டத்தரணியிடம் காட்டிய பின்னரே பேச்சு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். மகனுக்கு முகம் வாடித்தான் இருந்தது. ஆயினும் மறுநாள் மாலை கீழேயிருந்து ஒரு ஓர்கன் சத்தம் கேட்டது. அந்தச் சிறு சுரத்தொடர்தான். மூன்றாவது சுரத்திற் தடுக்கி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தான்.