ஐந்தும் ஏழும் சித்தப்பாவும்

நாகர்கோவிலில் ஓர் ஆபீசில் நாள் முழுக்க வவுச்சர் சரிபார்க்கிற உத்தியோகம் எனக்கு. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் நான் வேறு ஆள். எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் வாசிப்பேன். 'மோட்டார் ரிப்பேரா மக்கா?' என்று பக்கத்து வீட்டு ஆச்சி இரண்டு தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள்.

மாடியில் சித்தப்பா. தவில்காரர். சுசீந்திரம் தேரோட்டம், ஊர் ஊராகக் கல்யாணம் என்று முப்பது வருஷம் வாசித்தவர். இப்போது கல்யாண வீடுகளில் செண்டை மேளம்தான் கேட்கிறார்கள். போன ஆவணியில் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்த ஒரு வீட்டார், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு 'வேண்டாம்' என்று ஆளனுப்பினார்கள். அன்றைக்குத் தவிலுக்கு உறை போட்டவர்தான்.

எனக்கு ஓர் ஆசை. என் கிடாரும் அவர் தவிலும் சேர்ந்தால் என்ன? கொச்சியின் 'மதர்ஜேன்' குழு 2008-ல் 'மக்தூப்' ஆல்பம் போட்டதே! அதில் பைஜு தர்மஜன் கம்பியை இழுத்து இழுத்துக் கமகம் பிடிப்பார். டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பைப் போட்டால், பல சுரங்கள் சேர்ந்து வரும்போது கலங்கிவிடும். ஒற்றைச் சுரமோ நாகஸ்வரம் மாதிரி நீண்டு நிற்கும். நம் சங்கீதமும் ஒற்றை வரியில் போவதுதான். பத்துப் பொருத்தமும் இருக்கு சார்!

சித்தப்பாவிடம் சொன்னேன்.

"எலே, அது கருவியால? தகர டப்பாவுக்குள்ள தவளையப் போட்டு ஆட்டுன மாதிரி கெடக்கு."

நான் விடவில்லை. "வயலினும் வெள்ளக்காரன் சாமான்தானே சித்தப்பா? நம்ம திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாளே 1834-ல வடிவேலுவுக்கு வயலின் பரிசு குடுத்தாரே?"

"தந்தத்துலல்லா குடுத்தாரு! நீ தவணையிலல்லா வாங்கியிருக்கே!"

பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரு ராத்திரி 'டூல்' என்ற அமெரிக்கக் குழுவின் 'ஸ்கிஸம்' பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 2001-ல் வந்தது, அடுத்த வருஷமே மெட்டல் பிரிவில் கிராமி வாங்கியது. அதன் கணக்கு மட்டும் மூன்று மாசமாக எனக்குப் பிடிபடவில்லை. ஆபீசில் ஒன்பது ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இது எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை.

"எத்தன தடவலே தப்புவே?"

கதவருகே சித்தப்பா.

"அஞ்சும் ஏழும்லா அது. மொதல்ல கண்டம், பொறவு மிஸ்ரம்." கதவுப் பலகையில் தட்டினார். "தக தகிட... தகிட தகதிமி..."

இரண்டே சுற்று. பாட்டு அவர் விரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 1999-ல் மெட்டாலிக்கா சான்பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு சேர்ந்து வாசித்தபோது, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மைக்கேல் கேமன் நோட்டு எழுதித் தரவேண்டியிருந்தது. எனக்குக் கதவுப் பலகை போதுமானதாக இருந்தது. முதல் தடவையாகத் தப்பாமல் வாசித்தேன்.

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"எலே, என் விரல்கூடு டப்பா எங்க?"

தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக விரலில் மாட்டினார். இரண்டு கூடு நிற்காமல் கழன்று விழுந்தன. அவர் இவ்வளவு மெலிந்திருப்பதை நான் கவனிக்கவே இல்லை.

"நாளைக்குப் புதுசா சுத்திக்கிடலாம். பழந்துணி இருந்தா எடுத்து வையி. பசையும் காய்ச்சணும்" என்றார். பிறகு, "அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறச்சுக்கோ மக்கா. ஆச்சி பாவம்!"